ஒரு நாட்டின் மூலதன இருப்பைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு நாட்டில் இன்றைய தேதிக்கு எவ்வளவு சாலை, பாலம், மின்நிலையம், தறி, லாரி, பள்ளிக் கட்டடம், மென்பொருள் இருக்கிறது? அத்தனைக்கும் சேர்த்து என்ன மதிப்பு? இதற்கான விடைதான் மூலதன இருப்பு. ஜிடிபி ஓர் ஆண்டின் உற்பத்தியைச் சொல்கிறது. அந்த உற்பத்திக்குக் கைகொடுத்த சொத்து எவ்வளவு என்பதை மூலதன இருப்பு சொல்கிறது. ஒரு நாடு வளர்ந்தது திறமை கூடியதாலா, இயந்திரங்களையும் கட்டடங்களையும் கூட்டிக்கொண்டே போனதாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இந்த எண் கையில் இருந்தாக வேண்டும்.

நேரில் போய் எண்ணிப் பார்த்த நாடுகள் உண்டு. ஜப்பான் 1970இல் தேசியச் செல்வக் கணக்கெடுப்பு நடத்தியது. தென் கொரியா 1968, 1977, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் நடத்தியது. செலவும் ஆள்பலமும் மிகுதியாகக் கேட்கும் வேலை என்பதால் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகள் வேறு வழியில் போகின்றன. இதுவரை செய்த முதலீடுகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, அவற்றில் தேய்ந்தது போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுகின்றன. பொருளாதார அறிஞர் ரேமண்ட் கோல்ட்ஸ்மித் 1951இல் முன்வைத்த தொடர் இருப்பு முறை இது. சூத்திரம் ஒரே வரி:

ஆண்டு இறுதி இருப்பு = சென்ற ஆண்டு இறுதி இருப்பு × (1 − தேய்மான வீதம்) + இந்த ஆண்டு முதலீடு

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் குறைந்து செல் மதிப்பு முறை படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஒரு கம்பெனிக்குப் போட்டதை நாட்டுக்குப் போடுகிறோம். சூத்திரத்தை எக்செல்லில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். உள்ளே போடும் எண்களைச் சரியாகத் தயார் செய்வதுதான் வேலை. இந்தியத் தரவை முன்வைத்து அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எந்த இருப்பு வேண்டும்?

மூலதன இருப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு எண்கள் உலவுகின்றன. 30 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கி ஆறு ஆண்டு ஆகிவிட்டது.

மொத்த இருப்பில் அது இன்னமும் 30 லட்சம்தான். காயலான் கடைக்குப் போகும் நாள் வரை முழு மதிப்போடு நிற்கும். போன அன்று பூஜ்யம். நிகர இருப்பில் அதன் மதிப்பு இன்றைக்கு விற்றால் கிடைக்கக்கூடிய விலை. ஆண்டுக்கு 18.9 சதவீதம் தேய்மானம் என்று வைத்தால் ஆறாவது ஆண்டு முடிவில் சுமார் 8.5 லட்சம். மூன்றாவது, உற்பத்தி இருப்பு. அந்த லாரி இன்றும் புது லாரி ஏற்றும் லோடில் பெரும்பகுதியை ஏற்றுகிறது. பழுதுக்கு நிற்கும் நாட்கள்தான் கொஞ்சம் கூடியிருக்கும். ஆகவே உற்பத்தி இருப்பில் அது புது லாரிக்கு ஓரளவு பக்கத்திலேயே இருக்கும்.

நாட்டின் செல்வம் எவ்வளவு என்று பார்க்க நிகர இருப்பு. உற்பத்தித்திறன் ஆய்வுக்கு உற்பத்தி இருப்பு. முதன்முறையாகக் கணக்குப் போடுகிறவர்கள் நிகர இருப்பில் தொடங்குவது நல்லது. மேலே சொன்ன சூத்திரம் தருவதும் அதைத்தான். ஆண்டுதோறும் ஒரே சதவீதம் தேய்கிறது என்று கொண்டால் நிகர இருப்பும் உற்பத்தி இருப்பும் ஒரே வடிவில் போகும். ஆய்வாளர்கள் பலர் அந்த முறையை விரும்ப இதுவே முக்கியக் காரணம்.

படி 2: எது உள்ளே, எது வெளியே?

2008ஆம் ஆண்டின் ஐநா தேசியக் கணக்கு முறைப்படி நிலைச் சொத்தில் குடியிருப்புகள், பிற கட்டடங்களும் கட்டுமானங்களும், இயந்திரங்கள், போக்குவரத்துச் சாதனங்கள், தோட்டப் பயிர் மரங்கள், கறவை மாடுகள், மென்பொருள், ஆராய்ச்சி, கனிமத் தேடல் எல்லாம் சேரும். ராணுவத் தளவாடங்களும் அந்தப் பதிப்பிலிருந்து உள்ளே வந்துவிட்டன.

நிலம் சேராது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 80 லட்சத்துக்கு ஒரு வீடு கைமாறுகிறது, அதில் மனை 55, கட்டடம் 25 என்றால், நிலைச் சொத்தாகக் கணக்கில் வருவது அந்த 25 மட்டுமே. அதுவும் வீடு கட்டிய ஆண்டில் முதலீடாக ஏற்கெனவே பதிவாகியிருக்கும். பழைய வீட்டை வாங்குவது நாட்டுக்குப் புதிய முதலீடு ஆகாது, தரகு, பத்திரச் செலவு நீங்கலாக.

தங்கமும் சேராது. இந்தியக் கணக்கில் அது ‘மதிப்புமிகு பொருட்கள்’ என்ற தலைப்பில் தனியாக இருக்கிறது. ‘மொத்த மூலதன உருவாக்கம்’ என்ற வரியை எடுத்தால் தங்கமும் கிடங்குச் சரக்கும் அதோடு வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது ‘மொத்த நிலை மூலதன உருவாக்கம்’. ‘நிலை’ என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் தங்கம் அதிகம் வாங்கிய ஆண்டுகளில் உங்கள் இருப்பு காரணமில்லாமல் வீங்கும்.

குடும்பம் வாங்கும் கார் நுகர்வு. அதே கார் வாடகை டாக்ஸியாக ஓடினால் மூலதனம். இன்ஜின் ஆயில் மாற்றுவது பராமரிப்பு. இன்ஜினையே முழுதாகப் புதுப்பித்து ஆயுளை நீட்டினால் முதலீடு. இந்தப் பிரிவினையைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் செய்து தருகிறது. வெளியிட்ட எண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

படி 3: முதலீட்டு வரிசையைத் திரட்டுதல்

இந்தியத் தரவு புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் ‘நேஷனல் அக்கவுண்ட்ஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ஆண்டு வெளியீட்டில் கிடைக்கும். நீண்ட வரிசைக்கு ரிசர்வ் வங்கியின் ‘ஹேண்ட்புக் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆன் இந்தியன் எகானமி’ வசதியானது. 1950-51 முதல் இருக்கிறது. மொத்தத் தொகையை மட்டும் எடுக்காதீர்கள். கட்டுமானம் தனி, இயந்திரமும் சாதனமும் தனி. கிடைக்கிற ஆண்டுகளுக்கு மென்பொருள், ஆராய்ச்சியும் தனி. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது படி 7இல் எண்ணோடு தெரியும்.

எடுக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது ஆண்டுக் குறிப்பு. இந்தியக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. உலக வங்கித் தரவில் 2011-12 என்பது 2011 என்று இருக்கும். இலங்கைக் கணக்கோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இரண்டு மூலங்களை ஒட்டும்போது ஓராண்டு நழுவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. முதலீடு சரிந்த ஓர் ஆண்டை அடையாளம் வைத்து இரு வரிசைகளிலும் அது ஒரே வரியில் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது அடிப்படை ஆண்டு. 1993-94, 1999-2000, 2004-05, 2011-12 என்று வரிசைகள் மாறி வந்திருக்கின்றன. 2022-23க்குப் போகும்போதும் இதே வேலை திரும்ப வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் விலை மட்டுமல்லாமல் வரையறையும் மாறுகிறது. பழையதன் கீழே புதியதை அப்படியே ஒட்டினால் இணைப்பு ஆண்டில் ஒரு பொய்த் தாவல் விழும். இரு வரிசைகளுக்கும் பொதுவான ஆண்டைப் பிடியுங்கள். அந்த ஆண்டில் பழைய வரிசை 120, புதியது 126 என்றால் காரணி 1.05. பழைய ஆண்டுகள் எல்லாவற்றையும் அதனால் பெருக்குங்கள். இதைச் சொத்து வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்து பிறகு கூட்ட வேண்டும்.

மூன்றாவது, மொத்தமா நிகரமா என்பது. தேய்மானம் கழித்த நிகர மூலதன உருவாக்கத்தை எடுத்துவிட்டு, சூத்திரத்தில் மறுபடியும் தேய்மானம் கழித்தால் ஒரே தேய்மானம் இரண்டு முறை போய்விடும். இருப்பு ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

படி 4: எல்லாவற்றையும் ஒரே ஆண்டு விலைக்குக் கொண்டுவருதல்

1980இல் போட்ட ரூபாயையும் 2015இல் போட்ட ரூபாயையும் அப்படியே கூட்ட முடியாது. நிலையான விலையில், அதாவது எல்லா ஆண்டுக்கும் அடிப்படை ஆண்டின் விலையிலேயே, முதலீடு வெளியாகியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நடப்பு விலை முதலீட்டை விலைக் குறியீட்டெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்.

எந்தக் குறியீட்டெண் என்பதில் சோம்பல் கூடாது. ஜிடிபி விலைக் குறியீட்டையே எல்லாவற்றுக்கும் போடுகிறவர்கள் உண்டு. சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி உயரும் வேகம் வேறு. கணினியின் விலை போகும் திசையே வேறு. பொதுக் குறியீட்டைப் போட்டால் கணினி முதலீடு இருப்பதைவிடக் குறைவாகவும், கட்டுமானச் செலவு வேகமாக ஏறிய காலத்தில் கட்டுமானம் இருப்பதைவிடக் கூடுதலாகவும் தெரியும். நடப்பு விலை முதலீட்டை நிலையான விலை முதலீட்டால் வகுத்தாலே அந்தச் சொத்து வகைக்கான உள்ளுறை விலைக் குறியீடு கிடைத்துவிடும். அது ஓர் ஆண்டில் திடீரென்று 30, 40 சதவீதம் தாவினால் உங்கள் இணைப்பில்தான் பிழை.

படி 5: ஆயுளும் தேய்மான வீதமும்

சொத்தின் ஆயுளிலிருந்து வீதத்தை வருவிக்க எளிய வழி ஒரு காரணியை ஆயுளால் வகுப்பது. இந்தியத் தொழில் துறைகளின் உற்பத்தித்திறனை அளக்கும் இந்தியா கேஎல்இஎம்எஸ் தரவுத்தளம் 2 என்ற காரணியைக் கொள்கிறது: கட்டடத்துக்கு 80 ஆண்டு, ஆகவே 2.5 சதவீதம்; இயந்திரத்துக்கு 25 ஆண்டு, 8 சதவீதம்; வாகனத்துக்கு 20 ஆண்டு, 10 சதவீதம். அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் பழைய சாமான் சந்தை விலைகளை ஆராய்ந்த ஹல்ட்டன், வைக்காஃப் ஆகியோரின் வழியில் இயந்திரத்துக்குப் பொதுவாக 1.65, கட்டடத்துக்கு 0.91 என்று வைத்தது. 15 ஆண்டு ஓடும் இயந்திரத்துக்கு 11 சதவீதம், 50 ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு 1.82 சதவீதம் என்று வரும். பல நாடுகளின் ஜிடிபி, மூலதனத்தை ஒப்பிடத் தொகுத்த தரவுத்தளமான பென் வேர்ல்ட் டேபிள் எல்லா நாடுகளுக்கும் ஒரே பட்டியலை வைக்கிறது: கட்டுமானம் 2, வாகனம் 18.9, கணினியும் மென்பொருளும் 31.5, தொலைத்தொடர்புச் சாதனம் 11.5, மற்ற இயந்திரங்கள் 12.6 சதவீதம்.

இந்திய இயந்திரத்துக்கு 8 சதவீதமா, 12.6 சதவீதமா? எங்கள் சாய்வு 8 பக்கம்தான். இங்கே ஒரு தறியோ லேத்தோ முதல் முதலாளியிடம் ஓய்வு பெற்ற பிறகு இன்னொரு பட்டறையில் இரண்டாம் வாழ்வு வாழ்கிறது; ரீவைண்டிங் செய்த மோட்டார் மறுபடியும் பல ஆண்டு சுழல்கிறது. கூலி மலிவாகவும் புது இயந்திரம் விலை கூடியதாகவும் இருக்கும் நாட்டில் பழுது பார்த்து ஓட்டுவது கட்டுபடியாகும். ஆனால் நாடுகளுக்கு இடையே ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒரே பட்டியலைத்தான் எல்லா நாட்டுக்கும் போட வேண்டும். உங்கள் நாட்டுக்கு மட்டும் ஆயுளை நீட்டிவிட்டு இருப்பு கூடியிருக்கிறது என்று சொல்லக் கூடாது.

வாங்கியவை எல்லாம் ஒரே நாளில் காயலான் கடைக்குப் போவதில்லை. சில முன்பே போகும், சில தாண்டி ஓடும். மொத்த இருப்பு வேண்டுமென்றால் இந்தச் சிதறலுக்கு வின்ஃப்ரே வளைவு, வெய்புல் பரவல் போன்ற ஒன்றைப் பொருத்த வேண்டும். நிகர இருப்புக்கு நிலையான சதவீத முறையைப் பயன்படுத்தினால் அந்தச் சிதறலும் வீதத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

படி 6: தொடக்க இருப்பு

வரிசை தொடங்கும் நாளிலேயே நாட்டில் சொத்து இருந்திருக்கும். அதற்கு ஓர் எண் வேண்டும். வழக்கமாகக் கையாளப்படும் சூத்திரம்:

தொடக்க இருப்பு = முதல் ஆண்டு முதலீடு ÷ (முதலீட்டின் நீண்டகால வளர்ச்சி வீதம் + தேய்மான வீதம்)

இருப்பும் முதலீடும் ஒரே வேகத்தில் வளர்ந்து வந்தன என்ற எடுகோளிலிருந்து வருவது இது. எடுகோள் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று பாருங்கள். கட்டுமான முதலீடு 100, வளர்ச்சி 6 சதவீதம், தேய்மானம் 2.5 சதவீதம் என்றால் 100 ÷ 0.085 = 1176.5. வளர்ச்சியை 4 சதவீதம் என்று மாற்றினால் 1538.5. ஒரே ஓர் அனுமானம் மாறியதில் 31 சதவீதம் கூடிவிட்டது.

இந்தப் பிழை எவ்வளவு காலம் தங்கும் என்பது தேய்மானத்தைப் பொறுத்தது. 8 சதவீதம் தேயும் இயந்திரத்தில் 30 ஆண்டுக்குப் பிறகு தொடக்க இருப்பின் 8 சதவீதமே மிஞ்சும். 2.5 சதவீதம் தேயும் கட்டடத்தில் 47 சதவீதம் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கும். 1990க்குப் பிறகான இருப்புதான் உங்களுக்குத் தேவை என்றாலும் கணக்கை 1950-51இலேயே தொடங்குங்கள். அந்த 40 ஆண்டுகள் பழைய பிழையைக் கரைத்துக் கொடுக்கும்.

முதல் ஆண்டு முதலீடு வறட்சியாலோ வேறு காரணத்தாலோ ஏறுமாறாக இருந்தால் முதல் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளின் சராசரியைப் போடுங்கள். பென் வேர்ல்ட் டேபிள் 8.0 முதல் இந்தச் சூத்திரத்தையே விட்டுவிட்டு, தொடக்க இருப்பு ஜிடிபியைப் போல 2.6 மடங்கு என்று எடுத்துக்கொண்டது: கட்டுமானம் 2.2, இயந்திரம் 0.3, வாகனம் 0.1. இரண்டு வழியிலும் போட்டு, கடைசி ஆண்டு எண் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விடாதீர்கள்.

படி 7: கணக்கை ஓட்டுதல்

கைக்கணக்குக்காக வைத்த எண்கள் இவை. கட்டுமான முதலீடு முதலாண்டு 100, இரண்டாமாண்டு 110. இயந்திரம் முதலாண்டு 80, இரண்டாமாண்டு 75. வளர்ச்சி 6 சதவீதம். தேய்மானம் முறையே 2.5, 8 சதவீதம்.

தொடக்க இருப்பு: கட்டுமானம் 1176.5, இயந்திரம் 80 ÷ 0.14 = 571.4.

முதலாண்டு இறுதி: கட்டுமானம் 1176.5 × 0.975 + 100 = 1247.1. இயந்திரம் 571.4 × 0.92 + 80 = 605.7. கூட்டு 1852.8.

இரண்டாமாண்டு இறுதி: கட்டுமானம் 1247.1 × 0.975 + 110 = 1325.9. இயந்திரம் 605.7 × 0.92 + 75 = 632.2. கூட்டு 1958.1.

இரண்டாமாண்டுத் தேய்மானத்தைத் தனியே எடுத்துப் பாருங்கள்: கட்டுமானம் 31.2, இயந்திரம் 48.5, ஆக 79.7. இருப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இயந்திரம் தேய்மானத்தில் ஐந்தில் மூன்று பங்கைச் சாப்பிடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் தேய்மான வீதம் 4.3 சதவீதம். இயந்திரமும் மென்பொருளும் பெருகும் நாட்டில் இந்தச் சராசரி ஏறிக்கொண்டே போகும். ‘பொதுவாக 4 அல்லது 5 சதவீதம்’ என்று ஒரே வீதத்தை ஐம்பது ஆண்டுக்கும் போட்டால் அந்த ஏற்றம் கண்ணில் படாது. சொத்து வகைகளைப் பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதலீடு ஏப்ரல் முதல் தேதியே நடந்து முடிவதில்லை. ஆண்டு முழுக்கப் பரவி நடப்பதால் புது முதலீட்டுக்கு அரை ஆண்டுத் தேய்மானம் கழிப்பது கூடுதல் துல்லியம்: 80க்குப் பதில் 80 × 0.96 = 76.8. எதைச் செய்தாலும் வரிசை முழுக்க ஒரே மாதிரி செய்யுங்கள்.

பேரழிவை இந்தச் சூத்திரம் தானாக அறியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கரையிலும் இலங்கைக் கிழக்குக் கரையிலும் அழிந்த படகுகளும் வீடுகளும் சூத்திரத்தின் கண்ணில் இன்னமும் மெல்லத் தேய்ந்துகொண்டு உயிரோடு இருக்கின்றன. பிறகு புதிதாகக் கட்டியது முதலீடாகச் சேர்ந்துகொள்ள, அழிவுக்குப் பின் நாட்டின் சொத்து கூடியதாகக் கணக்கு காட்டும். தேசியக் கணக்கு முறை இத்தகைய இழப்பைத் தேய்மானத்தில் சேர்ப்பதில்லை. சொத்து அளவின் பிற மாற்றங்கள் என்று தனிக் கணக்கில் வைக்கிறது. ஆகவே போர், பூகம்பம், சுனாமி கண்ட ஆண்டுகளில் சேத மதிப்பீட்டைத் தேடி எடுத்து, அதையும் நிலையான விலைக்கு மாற்றி, நீங்களே கழிக்க வேண்டும். சேத அறிக்கைகள் பெரும்பாலும் திரும்பக் கட்ட ஆகும் செலவைத்தான் சொல்லும். அது புதுப் பொருளின் விலை. அழிந்தது பழைய பொருள் என்பதால் நிகர மதிப்பு அதைவிடக் குறைவு.

படி 8: விடை நம்பத்தக்கதா?

முதல் சோதனை: இருப்பை ஜிடிபியால் வகுங்கள், இரண்டும் ஒரே ஆண்டின் விலையில். இருக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஊகிக்கலாம்: முதலீட்டு விகிதம் ÷ (வளர்ச்சி + தேய்மானம்). முதலீடு ஜிடிபியில் 30 சதவீதம், வளர்ச்சி 6, தேய்மானம் 4.5 என்றால் 0.30 ÷ 0.105, சுமார் 2.9. இந்தியாவில் 2011-12இல் முதலீடு 34 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஆகவே அக்காலத்தில் விகிதம் ஏறுமுகமாகத் தெரிந்தால் அதில் வியப்பில்லை. விகிதம் 1 என்றோ 7 என்றோ வந்தால் எங்கோ நடப்பு விலையும் நிலையான விலையும் கலந்திருக்கிறது; அல்லது கோடியும் லட்சம் கோடியும் குழம்பியிருக்கிறது.

இரண்டாவது சோதனை: உங்கள் சூத்திரம் தரும் ஆண்டுத் தேய்மானத்தை நடப்பு விலைக்கு மாற்றி, அதிகாரபூர்வ நிலை மூலதனத் தேய்வோடு ஒப்பிடுங்கள். ஜிடிபிக்கும் என்டிபிக்கும் (நிகர உள்நாட்டு உற்பத்தி) உள்ள வித்தியாசமே அது. அளவு வேறுபடலாம், போக்கு ஒத்துப்போக வேண்டும்.

உற்பத்தித்திறன் ஆய்வுக்குக் கூடுதலாக ஒன்று

100 ரூபாய்க் கட்டடமும் 100 ரூபாய்க் கணினியும் இருப்பில் சமம். ஓர் ஆண்டில் அவை தரும் சேவை சமம் அன்று. சேவையின் விலை என்பது வட்டி, தேய்மானம் இரண்டின் கூட்டு. சொத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றத்தைக் கழிக்க வேண்டும், இறங்கினால் கூட்ட வேண்டும். வட்டி 8 சதவீதம், தேய்மானம் முறையே 2.5, 31.5 சதவீதம், விலை மாற்றம் இல்லை என்று கொண்டால் கட்டடம் ஆண்டுக்கு 10.5 ரூபாய்ச் சேவை தர வேண்டும், கணினி 39.5 ரூபாய். மூன்றரை மடங்குக்கும் மேல். இந்த விலைகளை எடையாக வைத்துச் சொத்து வகைகளின் வளர்ச்சியைக் கூட்டினால் கிடைப்பது மூலதனச் சேவைக் குறியீடு.

ஆயத்த எண் போதும் என்கிறவர்கள் பென் வேர்ல்ட் டேபிளில் சரியான நிரலை எடுக்க வேண்டும். ஒரு நாட்டைக் காலவாரியாகப் பார்க்க ‘ஆர்என்என்ஏ’: அந்நாட்டின் நிலையான விலையில் இருப்பு. ஒரே ஆண்டில் பல நாடுகளை ஒப்பிட ‘சிஎன்’: வாங்கும் சக்திச் சமநிலையில், அதாவது நாடுகளுக்கிடையேயான விலை வித்தியாசத்தைச் சரிசெய்த, இருப்பு. சேவை வளர்ச்சிக்கு ‘ஆர்கேஎன்ஏ’. ‘சிஎன்’ நிரலை ஆண்டுவாரியாக வகுத்து வளர்ச்சி வீதம் எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் நாடுகளுக்கிடையே விலை மட்டம் மாறிய விளைவும் கலந்திருக்கும். இந்தியத் தொழில் துறைவாரியாக வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கி வெளியிடும் இந்தியா கேஎல்இஎம்எஸ் தரவில் 27 துறைகளுக்கு 1980-81 முதல் இருக்கிறது.

நீங்களே போட்ட கணக்கானாலும் எடுத்த கணக்கானாலும், எக்செல் கோப்பின் முதல் தாளில் ஐந்து விவரங்களை எழுதி வையுங்கள்: அடிப்படை ஆண்டு, சொத்து வகைவாரித் தேய்மான வீதம், தொடக்க இருப்பு எடுத்த வழி, எண் ஆண்டு இறுதிக்கா நடுவுக்கா, நிலையான விலையா நடப்பு விலையா.